மூடியில் எழுதிய பெயர்

பரணிதரனுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் சோறு இறங்காது. கும்மிடிப்பூண்டியில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் இருந்தவன். அதை மூடிய பிறகு புதுவாயல் வீட்டிலேயே மேசை போட்டு சார்ஜர், இன்வெர்ட்டர், படகு ஜிபிஎஸ் என்று பழுது பார்க்கிறான். மேசை நிறைய, போர்டில் பற்றவைக்கும் எள்ளளவு கண்டென்சர்கள். அவற்றின் மேல் ஓர் எழுத்தும் இருக்காது. ஆறு வோல்ட் தாங்குவதும் ஐம்பது வோல்ட் தாங்குவதும் பார்வைக்கு ஒன்றுதான். மீட்டர் வைத்தாலும் வித்தியாசம் காட்டாது. அதனால் சின்னக் குங்கும டப்பாக்களை மொத்தமாக வாங்கி, வகை பிரித்துப் போட்டு, பெயர் எழுதி அடுக்கினான். எழுதியது மட்டும் மூடியில். இத்தனை ஒழுங்கு பார்க்கிற மனுஷன் போயும் போயும் மூடியிலா எழுதுவான்? எழுதினான்.

ஆயுத பூசைக்கு அவன் மனைவி பிரேமா அந்த டப்பாக்களையும் விட்டுவைக்கவில்லை. மூடிகளைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, திரும்ப மூடினாள். எல்லாம் ஒரே அளவு டப்பா. எந்த மூடியும் எதற்கும் பொருந்தும். அவனும் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டானே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூசை முடிந்து முதலில் வந்தது பிரேமாவின் தம்பி சின்னராசுவின் ஜிபிஎஸ். பழவேற்காட்டிலிருந்து கடலுக்குப் போகிறவன். ஐம்பது வோல்ட் என்று மூடி போட்ட டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக் கொடுத்தான் பரணிதரன். மேசையில் நன்றாகத்தான் ஓடியது. சின்னராசு அதை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் கடலில் இறங்கினான்.

அன்று மத்தியானம் அதே டப்பாவிலிருந்து எடுத்த இன்னொன்றை இன்வெர்ட்டர் போர்டில் வைத்தான். கொஞ்ச நேரம் ஓடி, படாரென்று வெடித்துப் புகைந்தது. ஐம்பது வோல்ட் மூடிக்குக் கீழே கிடந்தது ஆறு வோல்ட். மூடியைக் கழற்றினாயா என்று பிரேமாவைக் கேட்டான். பின்னே சாமிக்கு அழுக்கோடு வைப்பார்களா என்றாள்.

சின்னராசுவுக்கு போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி மறுபடி போட்டான். கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. நடுக்கடலில் வழி காட்டுகிற பெட்டி அணைந்தால் மழையில் எந்தப் பக்கம் போவான்? பிரேமாவிடம் மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. கேட்டதும் அவள் செருப்புகூடப் போடாமல் வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் தம்பியின் எண்ணையே அழுத்திக்கொண்டு வந்தாள்.

பழவேற்காட்டுக் கரையில் கொட்டுகிற மழையில் நின்றார்கள். வந்த படகெல்லாம் வேறு யாருடையதோ. ஒவ்வொன்று கரை தட்டும்போதும் பிரேமா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில், வேறொரு படகைப் பின்தொடர்ந்து சின்னராசுவின் படகு வந்தது.

“ஜிபிஎஸ் நின்னுபோச்சி மாமா,” என்றான் இறங்கியதும். “நீ பண்ணது கெடாதுன்னு ஒயரயே நோண்டிகினு கெடந்தோம். தல தூக்கிப் பாத்தா எந்தப் பக்கமும் கரை தெரியல.”

“தப்பு ஒயர்ல இல்ல மச்சான். என் டப்பாவுலதான்,” என்றான் பரணிதரன். நடந்ததை எல்லாம் சொன்னான்.

சின்னராசு சட்டையைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டான். பிறகு அந்த ஜிபிஎஸ் பெட்டியைப் பரணிதரன் கையிலேயே கொடுத்தான்.

“சரி, அப்ப வேற ஒண்ணு போட்டுக் குடு. மழ வுட்டதும் போவணும்.”

பிரேமா முந்தானையால் தம்பியின் தலையைத் துவட்டினாள். பரணிதரன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னா மாமா, கைக்கொழந்தயாட்டம் புடிச்சிகினு நிக்கிற?” என்றான் சின்னராசு.