முதல் வெட்டு

சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளை எல்லோரும் மாஸ்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காவலாளிகள், ஓட்டல் சிப்பந்திகள் என்று பாதி ஊருக்கு அங்கிருந்துதான் சட்டை போகும். தைப்பவர்கள் பலர். வெட்டுபவள் அவள் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்னால் நூல் பிசிறு நறுக்கும் வேலைக்கு வந்தவள். இப்போது அவள் மகளே கல்லூரியை முடிக்கப் போகிறாள். இத்தனை காலமும் அந்த நீள மேஜையின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்து வெட்டினால் கோடு கோணும் என்று பெரிய முதலாளி ஒருநாள் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் மேஜைப் பக்கம் ஒரு ஸ்டூல் எட்டிப் பார்க்கவில்லை. முட்டி வலிக்கும்போது ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நிற்பாள்.

பெரிய முதலாளி சொத்தோடு சேர்த்துச் சட்டங்களையும் மகனுக்கு விட்டுப் போயிருந்தார். புதுத் துணியை அடுக்கடுக்காக விரித்ததும் முதல் வெட்டு முதலாளி கையால்தான் விழ வேண்டும். சின்ன முதலாளி இதை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பெரிய கத்தரியை எடுத்து அடுக்கின் ஓரத்தில் ஒரு விரல் நீளம் நறுக்குவார். பிறகு மலையைப் புரட்டிப் போட்டவர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு ஏசி அறைக்குள் போய்விடுவார். மிச்சத்தை மாஸ்டரக்கா நாள் முழுக்க நின்று வெட்டுவாள்.

அவளுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. ஊரின் மறுகோடியில் ஆஸ்பத்திரித் துணி தைக்கிற கம்பெனி. வெட்டும் பிரிவு முழுவதற்கும் அவள்தான் பொறுப்பு. அங்கே இருக்கிற மேனேஜரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. "ரெண்டு தடவ தள்ளிப் போட்டுட்டீங்க. இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அங்க சொல்லிட்டேன்னு எனக்கு ஒரு வார்த்தை வரணும். வரலன்னா அடுத்தவங்களக் கூப்பிட்டுடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஒன்றும் கிடையாது. வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொன்ன அன்றோடு கணக்கு முடிந்தது. ஆனால் அவளைப் பிடித்து வைத்திருந்தது இன்னொரு சட்டம். கத்தரி வைத்தவர்தான் விரித்த அந்த லாட் முழுவதையும் முடிக்க வேண்டும், பாதியில் விட்டுப் போனால் போகிறவரும் விளங்கமாட்டார், கடையும் விளங்காது. அவளுக்கு முன்னால் இருந்த குள்ள மாஸ்டர் ஒருநாள் கோபத்தில் பாதித் துணியை அப்படியே போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஃபியூஸ் போனாலும், மழைத்தண்ணீர் உள்ளே வந்தாலும், "அந்தக் குள்ளன் பாதியில விட்டுட்டுப் போனான்ல, அதான்" என்று பெரிய முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்டது. மனசில் ஆணி அடித்தது போல இறங்கிவிட்டது.

ஆகவே மேஜை காலியாகும் நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். சின்ன முதலாளிக்கு எப்படியோ மூக்கு வியர்த்துவிட்டது. மேஜை காலியாவதே நின்றுபோனது. புதன்கிழமை காவலாளிச் சட்டையின் கடைசித் துண்டுகளை அவள் கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த துணி உருளை வந்து பொத்தென்று விழுந்தது. அவரே முன்னால் நின்று விரிக்கச் சொன்னார், நறுக்கென்று ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டினார்.

"இது உங்க கைக்குத்தான்க்கா சரிப்படும்" என்றார் தேனொழுக. அவள் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

வீட்டில் கணவர் காத்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனுஷன், நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைப் பொறுத்துக்கொள்கிறவர், பெண்டாட்டியின் மௌனத்தை மட்டும் பொறுக்கமாட்டார்.

"சொன்னியா?"

"துணி விரிச்சிட்டாரு."

"நாளைக்கும் விரிப்பான். நாளன்னைக்கும் விரிப்பான். உன் வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கான்?"

"கத்திரி வெச்சிட்டா பாதியில விடக்கூடாதுங்க."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அம்மா, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. பாவம், துணி மேல பழி போடாத."

மாஸ்டரக்கா தட்டைத் தொட்டியில் விட்டெறிந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். மகள் மேல் வந்த கோபத்தில் தூக்கம் வரவில்லை. மகள் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கோபம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் அரைநாள் கேட்டுக்கொண்டு புதுக் கம்பெனிக்குப் போனாள். இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் போனாள். இவளை என்ன சொல்வது! மேனேஜரம்மா வேலையாக இருந்ததால் வெட்டும் கூடத்தின் வாசலில் உட்கார வைத்தார்கள். உள்ளே ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து பச்சைத் துணி அடுக்கை மெஷினால் வெட்டிக்கொண்டிருந்தாள். கோடு கோணவில்லை. மணி அடித்தது. அந்தப் பெண் பாதி வளைவில் மெஷினை நிறுத்தினாள், கையைத் துடைத்தாள், பையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். வேறொருத்தி வந்து ஸ்டூலைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.

மாஸ்டரக்கா எழுந்தே விட்டாள். ஃபியூஸ் போகிறதா என்று விளக்கைக்கூடப் பார்த்தாள்.

மேனேஜரம்மா வந்ததும் அவள் அந்த ஒரு வாரத்தைக் கேட்கவில்லை, இதைத்தான் கேட்டாள். "பாதியில விட்டுட்டுப் போறாங்களே, ஒண்ணும் ஆகாதா?"

"பாதியில விடலன்னா ஷிஃப்டே நடக்காதும்மா. அதுக்குத்தானே கோடு போட்டு வெச்சிருக்கு. யாரு சொன்னது உங்ககிட்ட?"

"எங்க பெரிய முதலாளி."

மேனேஜரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "முதலாளி சொல்லாம வேற யாரு சொல்வாங்க!"

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முட்டியை நினைத்து அல்ல, போன வருஷங்களை நினைத்துக்கூட அல்ல. அப்பாவை நினைத்து. அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வா என்று அண்ணன் போன் செய்த மதியம், மேஜையில் பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் பாதி வெட்டிக் கிடந்தது. ஒருத்தரும் அவளைப் போகாதே என்று தடுக்கவில்லை. முடித்துவிட்டுப் போகிறேன் என்று அவள்தான் சொன்னாள். முடித்துவிட்டுப் போய் இறங்கியபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். திரும்பி வந்த அன்று பெரிய முதலாளி எல்லோர் முன்னாலும், "விசுவாசம்னா இவகிட்ட கத்துக்கணும்" என்றார். அந்த வார்த்தையை அவள் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தாள். எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்! முன்சீட்டின் கம்பியை ஓங்கிக் குத்தினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெருங்கும்போது கையிலிருந்த லாட்டை முடித்தாள். மேஜையைத் துடைக்கத் துணியை எடுப்பதற்குள் உருளை வந்துவிட்டது. இந்த முறை ஓட்டல்காரர்களின் நீலத் துணி.  விரிக்கட்டும் என்று தள்ளி நின்றாள். சின்ன முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நறுக்கென்று ஓரத்தில் வெட்டிவிட்டுக் கத்தரியை வைத்தார்.

"நான் இன்னையோட நின்னுக்கறேன் சார்" என்றாள்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. இதற்காகவே தயாராக இருந்தவர் மாதிரி சிரித்தார். "தாராளமா போங்கக்கா, நான் தடுப்பேனா? இந்த லாட்ட மட்டும் முடிச்சிட்டுப் போங்க. அப்பா சொன்னது உங்களுக்குத் தெரியாததா? கத்திரி வெச்சவங்கதானே முடிக்கணும்."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவள் கத்தரியை எடுத்தாள். பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"கத்திரி வெச்சது யாரு சார்?"

அவருக்குப் புரியவில்லை.

"நான் இன்னும் இந்தத் துணியத் தொடவே இல்ல. எல்லாரும் பாத்துக்கிட்டுதானே இருந்தாங்க. முதல் வெட்டு உங்களோடது. முடிங்க."

"என்னக்கா விளையாட்டு இது? வீட்ல விசேஷம், நான் போகணும்..."

"எங்க அப்பா சாகக் கிடந்தாரு, எனக்கும் போகணும்னுதான் இருந்துச்சு!" கூடமே அதிரக் கத்தினாள். இந்தக் குரல் தன்னிடம் இருக்கிறதென்று அவளுக்கே அதுவரை தெரியாது. "முடிச்சிட்டுத்தான் போனேன். நீங்களும் முடிச்சிட்டுப் போங்க. நின்னுக்கிட்டே வெட்டுங்க, உக்காந்தா கோடு கோணும்."

கத்தரியை அவர் கையில் திணித்தாள். பின்வரிசையில் பொத்தான் தைக்கிறவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அவர் கத்தரியைப் பிடித்தபடி மேஜையின் முன்னால் நின்றார், அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படியில் பாதி இறங்கியதும் பையை ஓரமாக வைத்தாள். அங்கேயே உட்கார்ந்து போன் செய்தாள். "சொல்லிட்டேம்மா."

"சரி, திங்கக்கிழமை வந்துடுங்க" என்றாள் மேனேஜரம்மா. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அந்தச் சுலபம்தான் அவளைக் கொன்றது. போனை மடியில் போட்டுவிட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, ஆத்திரம் தீராமல் அழுதாள். அப்பா போன அன்று மேஜையில் கிடந்தது ஒரு காலர். மிச்சத்தை யார் வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம்.