கிளி விரட்டிய ஆங்கிலப் பாட்டு

உலகம் ஐம்பது வருடமாகச் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஆங்கிலப் பாட்டுத் தொகுப்பை, எட்டு வயதில் நான் கிளி விரட்டப் பயன்படுத்தியிருக்கிறேன். அது ஏன் இன்னும் பழசாகவில்லை என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கிற்றாரைப் புகழ்கிறார்கள், குரல்கள் ஒன்றோடொன்று இழையும் அழகைப் புகழ்கிறார்கள். ஸ்கந்தபுரத்தில் எங்கள் வயலில் அது என்ன பாடுபட்டது என்று ஒருவரும் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. பெரியப்பா இளந்தாரியாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் பதிவுசெய்து வாங்கிய கசற் அது. கடைக்காரர் அதன்மேல் பேனாவால் ‘இங்கிலீஷ், நல்லது’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுவிட்டு, பெரியப்பா மேல்குரலையும் அப்பா கீழ்க்குரலையும் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காமல் உருகி உருகிப் பாடுவார்களாம். பெரியப்பா கலியாணம் கட்டித் தனியே போனபோது கசற் அப்பாவிடம் தங்கிவிட்டது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அம்மாவின் தையல் மெசின் விடுபட்டது, கசற் விடுபடவில்லை. அம்மா இதை மறந்ததுமில்லை, அப்பாவை மறக்க விட்டதுமில்லை.

எனக்கு விபரம் தெரிந்த காலத்தில் பெரியப்பாவும் அப்பாவும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இருவருக்கும் அடுத்தடுத்த வயல். வாய்க்கால் தண்ணீர் முறையில் யாரோ ஒருவர் ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் திருப்பிவிட்டார். அது யார் என்பது எந்த வீட்டில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்று போகமாக, ஒரே வரம்பின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு என் மூலமாகத்தான் கதைத்தார்கள்.

“உன்ர பெரியப்பாவிட்டச் சொல்லு, மாடு எங்கட பக்கம் வருதெண்டு” என்பார் அப்பா. பத்தடி தள்ளி நிற்கும் பெரியப்பாவுக்கு நான் அதைத் திருப்பிச் சொல்வேன். அவரும் அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போலத் திடுக்கிடுவார்.

அந்தக் காலபோகத்தில் நெற்கதிர் பால் பிடித்ததும் கிளிகள் வந்து இறங்கின. கசற்றுக்குள் இருக்கும் ரேப் நாடாவை உருவித் தடிகளில் இழுத்துக் கட்டினால் வெயிலில் மினுங்கும், காற்றில் இரையும், கிளி அண்டாது. ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். “அலுமாரியில பழைய கசற் கிடந்தா எடுத்துக் கட்டு பிள்ளை” என்று சொல்லிவிட்டு அப்பா கிளிநொச்சிக்கு அலுவலாகப் போய்விட்டார்.

அலுமாரியில் நான்கு கசற் கிடந்தன. மூன்று சாமிப்பாட்டு. சாமிப்பாட்டை உருவினால் பாவம். விளங்காத பாட்டை உருவினால் யாருக்கு என்ன நட்டம்? நன்றாக யோசித்துத்தான் செய்தேன். வயல் முழுக்கத் தடி நட்டு, ஒரு முழம்கூட வீணாக்காமல் கட்டி முடித்தேன்.

மத்தியானம் அப்பா வந்தார். வரம்பில் கிடந்த வெறும் கசற் கூட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு வயலைப் பார்த்தார். மருந்துக்கும் ஒரு கிளி இல்லை. நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன்.

“எடியே, இதையே பிடுங்கினனி?” என்று மட்டும் கேட்டுவிட்டு அப்படியே வரம்பில் குந்திவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, ஞாபகத்தில் இனி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பவர்போல, மெல்லப் பாடத் தொடங்கினார். அவருக்குக் கீழ்க்குரல் மட்டும்தான் தெரியும். கசற்றோடு சேர்ந்து பாடும்போது பாட்டாகக் கேட்டது, தனியே கேட்கையில் வயிற்றுவலிக்காரரின் முனகலாக இருந்தது. மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையை நிமிர்த்தி அக்கறையோடு பார்த்தது.

வரம்புக்கு அப்பால் புல்லுச் செதுக்கிக்கொண்டிருந்த பெரியப்பாவின் மண்வெட்டி நின்றது.

“பிள்ளை, உன்ர கொப்பரிட்டச் சொல்லு, அந்த இடத்தில இழுக்கக்கூடாதெண்டு” என்றார் அப்பாவைப் பாராமலே.

சொன்னேன்.

“உன்ர பெரியப்பாவிட்டச் சொல்லு, தெரிஞ்சால் பாடிக் காட்டச் சொல்லி.”

நான் வாயைத் திறக்க முன்னமே பெரியப்பா பாடினார். மேல்குரல். வயது போன குரல், இடையிடையே இருமல் வேறு. அப்பா கீழே வந்து சேர்ந்துகொண்டார். முனகலும் இருமலும் சந்தித்த இடத்தில் எங்கிருந்தோ பாட்டு வந்துவிட்டது. மறந்த இடங்களை ‘லலலா’ போட்டுக் கடந்தார்கள். ஒரு பாட்டு முடிய அடுத்த பாட்டு. முதற்பக்கம் முடிந்ததும், கசற்றைத் திருப்பிப் போடுகிற அளவு நேரம் இருவரும் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினார்கள்.

எல்லாம் முடிந்தபோது அப்பா வயலைப் பார்த்தபடி, “வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

நான் என் கடமையில் தவறவில்லை. “பெரியப்பா, உங்களைத் தேத்தண்ணி குடிக்க வரட்டாம்” என்று திரும்பிச் சொன்னேன். அவர் அதற்குள் வரம்பைத் தாண்டி வந்துவிட்டார்.

அடுத்த நாள் அப்பா எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். ஒன்றல்ல, இரண்டு. கிளி விரட்டியதற்குத்தான் என்று எனக்கு ஒரே பெருமை. அதனால் வருகிற போகத்துக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று, விளங்காத பாட்டுக் கசற் இன்னும் ஏதும் கிடக்கிறதா என்று பெரியப்பா வீட்டு அலுமாரியைக் கிளறத் தொடங்கினேன்.