டோசைல் என்றால் என்ன?

நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மோகனூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸிலேயே கடினமான சொற்களைப் பொருளோடு உருப்போடுவேன். அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

காபி கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை தன் மாமாவிடம் ஆங்கிலத்தில், "பெண் ரொம்ப டோசைல், எனக்குச் சரிதான்" என்று சொல்லிச் சிரித்தார். ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"என்ன சாமி சொல்றாரு?" என்று என்னிடம் கேட்டார்.

நான் படித்திருந்த சொல்தான். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"எதுத்துப் பேசாம சொன்னபடி நடக்கற புள்ளைன்னு சொல்றாருங்கப்பா. பழக்குன மாட்டுக்கும் அந்த வார்த்தையத்தான் சொல்லுவாங்க. நான் அப்படி இல்லீங்க."

"நல்ல அர்த்தத்துலதானுங்க சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு அது நல்லதாப் படலீங்க" என்றேன்.

சம்பந்தம் நின்றுபோனது. அப்பா பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்தப் படிப்பே வேண்டாம்" என்று அம்மா அழுதார். நான் நிறுத்தவில்லை. அதுவரை தேர்வுக்காகப் படித்தேன். அன்றுமுதல், என் எதிரிலேயே என்னைப் பற்றி யார் எந்த மொழியில் பேசினாலும் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் படித்தேன்.