பன்னிரண்டாவது மெஷின்

நம்பாவிட்டால் போங்கள். போன வைகாசி அமாவாசையன்று, பட்டப்பகலில், எனக்கே நடந்தது இது. பேய் வர இருட்டு வேண்டும் என்று சொல்கிறவர்கள் சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

என் பெயர் அறிவு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஜவுளி கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. எங்களிடம் இருப்பது ஒரே பெரிய சர்வர். அதற்குள் பதினொரு மெய்நிகர் மெஷின்கள், தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போலவே ஓடும். அவற்றை ஓட்டும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் பேட்ச் கார்த்திகையிலேயே வந்துவிட்டது. அதைப் போட எல்லாவற்றையும் அரை நாள் நிறுத்த வேண்டும்.

எனக்கு மேலே இருந்த கயல்விழி அதற்கு அனுமதி கேட்டு மேனேஜருக்கு மூன்று முறை மெயில் போட்டார்.

"ஓடறதை எதுக்குங்க நிறுத்தோணும்?" என்றார் மேனேஜர் மாதேஸ்வரன். நானும் தலையாட்டினேன்.

தை மாதம் அந்த ஓட்டை வழியாகவே எவனோ புகுந்து எங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டினான். பழி கயல்விழி தலையில் விழுந்தது. 'அவர் நிறுத்தச் சொல்லிக் கேட்கவே இல்லை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவன் நான். அவருடைய நாற்காலி எனக்குக் கிடைத்தது. அதன்பின் அவர் என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் நான்.

அமாவாசைக்கு எங்கள் தறிகள் ஓடாது. அதனால் அன்றுதான் பேட்ச் போட அனுமதி கொடுத்தார்கள். மதியம் 1.10க்கு மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தேன். 1.22க்குப் பதினொன்றும் நின்றன.

பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது...

பெயர், 'கயல் டெஸ்ட்'. பேட்சைச் சோதித்துப் பார்க்க அவர் வைத்திருந்தது. மாசியில் நானே அழித்தது.

நிறுத்தினேன். மறுபடி ஓடியது.

மாதேஸ்வரனுக்குப் போன் போட்டேன். "சார், சர்வர்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"அமாவாசையன்னிக்கு யாருங்க இருப்பாங்க?"

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். இனி வெளியிலிருந்து யாரும் வர முடியாது.

அந்த மெஷினின் திரையைத் திறந்தேன். எழுத்துகள் விழுந்தன. ஒவ்வொன்றாக...

'சார், அரை நாள் போதும்.'

கயல்விழியின் மெயிலில் இருந்த வரி.

அதன் கீழே...

'அறிவுக்கும் தெரியும்.'

ர்ர்ர்... சர்வர் விசிறி.

1.41.

அந்த மெஷினின் திரை அணைந்தது. பட்டியலில் பன்னிரண்டாவது மெஷினைக் காணோம். பேட்ச் போட்டாகிவிட்டது என்று சர்வர் காட்டியது. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இரண்டு மணிக்கு, எடப்பாடியில் இருக்கும் கயல்விழி வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா கருப்பண்ணன் எடுத்தார்.

"கயல்விழி இருக்காங்களா?"

"புள்ள தவறி மூணு மாசமாச்சு சாமி."

அவரே மேலே பேசினார்.

"இன்னிக்குப் படையல் போட்டமுங்க. அவ லேப்டாப்பையும் எலைக்கிட்ட வெச்சோம். ஒண்ணே முக்காலுக்கு எடுக்கப் போனா, தோசைக்கல்லாட்டம் சுடுது. தொட முடியலீங்க."

"சார்ஜ் போட்டிருந்தீங்களா?"

"அதுல பேட்டரியே இல்லீங்களே. கெட்டுப்போச்சுன்னு அவ இருக்கறப்பவே கழட்டிட்டா." பிறகு கேட்டார். "நீங்க அவகூட வேலை பார்த்தவிங்களா? பேரு என்னங்க சாமி?"

நான் போனை வைத்துவிட்டேன்.