அண்ணா வேண்டாம் என்ற பதவி

கோடை விடுமுறை விட்டால் எங்கள் பட்டாளம் முழுவதும் கிழக்கேகோட்டையில் பெரியப்பா வீட்டில்தான். கடற்கரையா, மிருகக்காட்சி சாலையா என்று எதற்கும் கை தூக்கி ஓட்டுப் போடுவோம். இதைக் கொண்டுவந்தவன் பெரியப்பாவின் பிள்ளை, எங்களில் மூத்தவனான அண்ணா. பள்ளியில், ராஜாவை விரட்டிக் குடியரசான ரோமாபுரியின் சரித்திரம் படித்த கையோடு, இங்கே விரட்டுவதற்கு ராஜா இல்லாததால் நேரே குடியரசை ஆரம்பித்துவிட்டான். அங்கே போல இங்கேயும் இரண்டு தலைவர்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் தடுக்கலாம். அவன் ஒருவன், வாயாடி என்பதால் நான் ஒருத்தி. அவன் எதைச் சொன்னாலும் கூடாது என்பேன். தெருக்கோடி வரை கேட்கும் எங்கள் சண்டை. அந்தச் சத்தத்துக்கு என் காது இன்றும் ஏங்குகிறது.

ஒரு வருஷம் கல்லாற்றுக்குப் போனோம். ஆற்றில் இறங்கலாமா என்று நாங்கள் கை தூக்கிக்கொண்டிருந்தபோதே சித்தியின் கடைக்குட்டி வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டான். அண்ணா ஓட்டை எண்ணவில்லை. குதித்து இழுத்து வந்தான். கரையிலேயே அண்ணாவைச் சூழ்ந்துகொண்டோம். “இனிமே ஓட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீயே சொல்லு அண்ணா” என்றோம்.

அவன் சிரித்தான். “ரோமிலயும் இப்படித்தான் ஆச்சு. சண்டையெல்லாம் ஓஞ்சப்புறம் ஜெயிச்ச அகஸ்டஸ் தன் அதிகாரத்தைத் திருப்பித் தரேன்னான். சபைக்காரா விடலை. பேருக்குச் சபை இருந்தது, ஓட்டு இருந்தது, அவன் வச்சதுதான் சட்டம். நேக்கு வேண்டாம், கேட்டோ!”

நாங்களும் விடவில்லை. ஓட்டுப் போட்டே அந்தப் பதவியை அவன் தலையில் கட்டினோம். முதல் கை என்னுடையது.

அதன் பிறகும் கை தூக்கினோம், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு. வீடு அமைதியானது. பெரியம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

ஒருநாள் உச்சி வெயிலில், “தம்பானூர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய் ரயில் பாக்கலாமா?” என்றான் அண்ணா. எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவன் என்னையே பார்த்தான்.

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், அண்ணா.”

அவன் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். தலைவலியாக்கும் என்று நான் நீர்மோர் கொண்டுபோனேன். தொடவில்லை. இவ்வளவு சொன்னபடி கேட்கிறேன், இவனுக்கு என்ன குறை என்று எனக்கு ஒரே ஆற்றாமை. சண்டைக்கு ஓர் ஆள் வேண்டித்தான் அவன் அந்த வெயிலில் தம்பானூரைச் சொன்னான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.