எண்ணெய் தோய்த்த முட்டைகள்

ஒஸ்லோவில் தனக்குக் கிடைத்த வேலையைச் சச்சிதானந்தன் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வாத்து முட்டைக்கு எண்ணெய் பூசுகிற வேலை என்றால் யார் நம்புவார்கள்?

நகரத்துக்கு எதிரே கடலில் சின்னச் சின்னத் தீவுகள். அங்கே காட்டு வாத்துகள் கண்டபாட்டுக்குப் பெருகிவிட்டன. குளிக்கிற கரையெல்லாம் எச்சம், புல்தரையெல்லாம் மொட்டை. கரையோர வயல்களில் முளைவிட்ட பார்லியையும் அவை விட்டுவைக்கவில்லை. அதனால் 2007 வசந்தத்தில் நகராட்சி ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடித்தது. அவர் நகரின் ஓரத்துப் புருசெத்தில் சும்மா இருந்த சச்சியைப் பிடித்தார்.

முட்டையை வாளித் தண்ணீரில் விடவேண்டும். மிதந்தால் உள்ளே குஞ்சு வளர்ந்துவிட்டது, தொடக்கூடாது. அமிழ்ந்தால் எண்ணெயில் தோய்த்துத் திரும்பவும் கூட்டில் வைக்கவேண்டும்; ஓட்டுக்குள் காற்றுப் போகாமல் அது பொரிக்காது. உடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே என்று கேட்டான் சச்சி. உடைத்தால் தாய் வேறு இடம் பார்த்து மறுபடி இடும், ஏமாற்றி வைத்தால்தான் அங்கேயே கிடக்கும் என்றார் ஒப்பந்தக்காரர்.

திருகோணமலையில் அவன் மனைவி மங்களேஸ்வரி இருந்தாள். கல்யாணம் முடிந்து மூன்று வருடம்; சேர்ந்திருந்தது ஐந்து வாரம். அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம், அவனுக்கு நிரந்தர வேலை இல்லை என்று சித்திரையிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டது. மேன்முறையீட்டுக்கான தவணையும் போய்விட்டது. அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “கடிதம் இன்னும் வரேல்லை, கொஞ்சம் பொறும்” என்றே ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனி கடைசியில் கூடுகளைப் பார்க்கப் போனான். பொரிக்கும் காலம் எப்போதோ முடிந்திருந்தது. ஒரு வாத்து மட்டும் எழும்பவில்லை. தீனியில்லாமல் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கிட்டப் போனதும் கழுத்தை நீட்டிச் சீறியது. முட்டையை விட்டு அசையவில்லை. சச்சி இரண்டடி பின்வாங்கினான். மங்களத்தையும் நான்தானே இப்படிக் கிடத்தி வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது. இன்றைக்கே சொல்லிவிடுவது என்று, மத்தியானம் படகுத்துறையில் நின்று போன் எடுத்தான்.

“மங்களம், ஒரு விசயம் கதைக்கவேணும்.”

“பொறுங்கோ, நான் முதல் சொல்லுறன்” என்றாள் அவள். குரலில் சிரிப்பு. “நேற்றோடை பாலர் பள்ளி வேலையை விட்டிட்டன். பிள்ளையள் எல்லாம் ஒரே அழுகை. கடிதம் வந்தாப் பிறகு அந்தரப்பட்டு ஓடேலாதுதானே. என்ரை இடத்துக்கு வேறை ஆளும் எடுத்திட்டினம்.”

சச்சி போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“என்ன, சத்தத்தைக் காணேல்லை? பிழையா செய்துபோட்டனோ?”

“இல்லை. நல்லதுதான் செய்தனீர்.”

“அப்ப எப்ப வருமாம்?”

“கார்த்திகைக்குள்ளை வந்திடும்” என்றான், தானாகவே ஒரு மாதத்தைச் சொல்லி.