எட்டு போல்ட்டும் ஒரு மைத்துனரும்

மெக்கானிக் கைக்கணக்கை முதலில் சந்திக்கிற யாருக்கும் அவருடைய கால்கள்தான் அறிமுகம். இதை எழுதுகிறவனுக்கும் அப்படித்தான். பட்டம் வாங்கிய சூட்டோடு வேன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் நாள், கம்பெனி வண்டிகளைப் பழுது பார்க்கும் அவருடைய சொந்த ஷெட்டுக்குப் போனபோது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நான் புதுசா வந்திருக்கிற சூப்பர்வைசர். பி.காம். எங்க வீட்டுல நான்தான் மொதல் பட்டதாரி."

"ரொம்ப சந்தோஷம் சார். கால்கிட்ட பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் கெடக்கு, எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தது பதின்மூன்று.

"பரவாயில்ல, போகப் போகப் படிச்சுக்கலாம்" என்றன கால்கள்.

ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று ஷெட்டில் உறை பிரிக்காமல் கிடந்தது. அவர் அதைத் தொட்டதில்லை. "என் கைக்குத் தெரியாததா இந்தக் கம்பிக்குத் தெரியப் போவுது?" என்பார். அதனால் வந்த பெயர்தான் கைக்கணக்கு. மருத்துவமனை நர்சுகளை வேலைக்குக் கூட்டிப் போகும் ஐந்து வேன்களும் பதினோரு வருடமாக அவர் பொறுப்பில் இருந்தன. மூன்றாம் நம்பர் வேனை ஓட்டியது அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான்.

வினை அந்த மூன்றாம் நம்பரில்தான் வந்தது. இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் அலுமினியக் குழாய்க் கூட்டத்துக்கு இன்டேக் மேனிஃபோல்டு என்று பெயர். அதற்குக் கீழே காற்றுக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை அவர் மாற்றிய பத்தாம் நாள், வண்டி உஸ் உஸ்ஸென்று இரைந்தது. சிக்னலில் நின்றால் திணறி அணைந்தது. திறந்து பார்த்தால், மேனிஃபோல்டைப் பிடித்திருந்த எட்டு போல்ட்டில் ஐந்து தளர்ந்து ஆடின.

இறுக்கி அனுப்பினார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. வாஷரை மாற்றினார். அப்போதும் வந்தது. மரையில் பசை தடவி, மூச்சைப் பிடித்து முறுக்கினார். நான்காம் முறை வந்தபோது ஒரு போல்ட்டின் தலையே துண்டாகிக் கிடந்தது. மற்ற டிரைவர்கள் தேநீர் டம்ளரோடு சுற்றி நின்றார்கள்.

"என்னண்ணே, கைக்கணக்கு தப்பாயிடுச்சா?" என்றார் ஒருவர்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் மைத்துனர் பக்கம் திரும்பினார். "கையில கோளாறு இல்ல, காலுல கோளாறு. கிளட்ச்ச எகிற எகிற விட்டா எந்த போல்ட்டுடா நிக்கும்? உனக்கெல்லாம் மாட்டு வண்டியே அதிகம்!"

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அது வேன் கம்பெனி முதலாளியம்மா காதுக்குப் போனது. வண்டியை அடித்து ஓட்டுகிறவர் வேண்டாம் என்று மறுநாளே மைத்துனரை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை புது டிரைவர் வருவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை கைக்கணக்கு முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகக் கீழிருந்து பார்த்தார். மேனிஃபோல்டின் அடிவயிற்றில் இரண்டு வெற்றுத் துளைகள், மண் அப்பியபடி இருந்தன.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அங்கே மேனிஃபோல்டின் கனத்தைத் தாங்க ஓர் இரும்பு பிராக்கெட் உண்டு. கேஸ்கெட் மாற்றிய அன்று அதன் கீழ் போல்ட்டுக்குத் தொப்பை இடித்தது, கை எட்டவில்லை. "இது இல்லாம ஒண்ணும் குடி முழுகிடாது" என்று அவர்தான் மாட்டாமல் விட்டார். தாங்க ஆளில்லாத மேனிஃபோல்டு ஒவ்வொரு குலுக்கலிலும் எட்டு போல்ட்டையும் பிடித்து இழுத்திருக்கிறது. பிராக்கெட்டைத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. தகரக் கதவு காற்றில் அடிக்காமல் அதற்கு முட்டுக் கொடுத்து நின்றது.

யாரும் இல்லாத ஷெட்டில் அதை எடுத்து மாட்டினார். உடைந்த போல்ட்டையும் மாற்றினார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினார்.

மாட்டிய பிறகு போல்ட் அசையவே இல்லை. அதுதான் ஆபத்தாகிப் போனது. புது டிரைவர் ஓட்ட ஓட்ட, பழைய டிரைவரின் குற்றம் தினமும் ருசுவாகிக்கொண்டே போனது. முதலாளியம்மா ஷெட்டுக்கே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "நீங்க சொன்னதுதான் சரி. சொந்தக்காரன்னு பாக்காம சொன்னீங்க பாருங்க!" கைக்கணக்கு சுத்தமாக இருந்த கையைக் கந்தல் துணியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மைத்துனர் அக்கா வீட்டுக்கு வந்தார். இன்னொரு கம்பெனி கூப்பிட்டும் போகவில்லையாம்.

"ஏண்டா போகல?" என்றார் அக்கா.

"போயி? அந்த வண்டியையும் கெடுக்கவா?" என்றவர் இவர் பக்கம் திரும்பினார். "மாமா, கோவிச்சுக்காம சொல்லுங்க. எனக்குத் தெரியாமலே வண்டிய உதற விடுறேனா? எனக்கே சந்தேகமாயிடுச்சு. ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்லுங்களேன்."

"நல்லாக் கேளு. மாமாவுக்குத் தெரியாததா?" என்றார் அக்கா.

கைக்கணக்கு சோற்றைப் பாதியில் விட்டார். "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிக் கையைக் கழுவ எழுந்தார்.

மறுநாள் காலை ஆபீசில் முதலாளியம்மா முன்னால் போய் நின்றார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"அவன் மேல தப்பில்லம்மா. நான் ஒரு பிராக்கெட்ட மாட்டாம விட்டுட்டேன். அதான் போல்ட்டு நிக்கல."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்திருந்தார். "இருபத்து மூணு நாளாச்சு."

"அப்ப நான் அத்தனை பேர் முன்னாடி உங்களப் பாராட்டினப்போ..."

"தெரியும்மா."

முதலாளியம்மா மேசை மேலிருந்த காகிதங்களைக் காரணமில்லாமல் அடுக்கினார். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. அவன்கிட்ட சொல்றத விட இங்க சொல்றது சுலபம்னு வந்துட்டேன்."

முதலாளியம்மா மைத்துனரின் எண்ணை அழுத்தி, போனை இவர் கையில் கொடுத்தார். இவர் நின்றபடியே சொன்னார். பாதியில் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து சொன்னார். மறுமுனையில் மைத்துனர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப வண்டி நல்லா ஓடுதா மாமா?"

"ஓடுதுடா."

அதோடு போன் வைக்கப்பட்டது.

கைக்கணக்கு இன்றும் அதே ஷெட்டில்தான் வேலை பார்க்கிறார். வெளி வண்டிகள் வருகின்றன. கம்பெனியின் ஐந்து வேன்களும் இப்போது வேறு ஷெட்டுக்குப் போகின்றன. மூன்றாம் நம்பரை மைத்துனர்தான் ஓட்டுகிறார். அக்கா வீட்டுக்கும் வாரம் ஒரு முறை வந்து போகிறார், மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.